கையை எடுத்தால் நின்றுவிடும்

போன வியாழக்கிழமை காலை எங்கள் கம்பெனியில் ஒரு கைதட்டல் எழுந்தது.

சாதாரணக் கைதட்டல் இல்லை. கட்டிங் மாஸ்டர் தட்டினார். அயர்ன் டேபிள்காரர்கள் தட்டினார்கள். கேட்டில் நிற்க வேண்டிய வாட்ச்மேன் உள்ளே வந்து தட்டினார். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் டெய்லர்கள் இரண்டு பேர் விசிலே அடித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அது போதாதா?

எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு மெஷின், எட்டு மீட்டர் காகிதத்தில் கோடு போட்டு முடித்ததற்கு!

அதுதானே அதன் வேலை, அதற்கா கைதட்டல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் என்னுடைய அதிமேதாவித்தனமும் சேர்ந்து வெளியே வரும். பரவாயில்லை... வாரா வாரம் ஊரார் அசட்டுத்தனத்தையெல்லாம் எழுதுகிறவன், ஒரு வாரம் தன்னுடையதை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை எழுதுவது எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற ஆறு நாளும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டுக்காரன் கேட்ட டி-சர்ட்டை வெளிநாட்டுக்காரன் கேட்ட தேதியில் அனுப்பிவைக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு கம்பெனிக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற ஆள்.

எங்கள் கம்பெனியில் மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. கேட் (CAD) ரூம் என்போம்; வாசல் கேட் இல்லை, கம்ப்யூட்டரில் வரைகிற வேலைக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர். துணியை அடுக்கடுக்காக மேஜையில் விரித்து வெட்டுவதற்கு முன்னால், எந்த இடத்தில் முன்பக்கம், எந்த இடத்தில் கை, எந்த இடத்தில் காலர் என்று கோடு போட்ட ஒரு நீளக் காகிதத்தை மேலே பரப்ப வேண்டும். அதற்கு மார்க்கர் என்று பெயர். கம்ப்யூட்டரில் வரைந்ததைக் காகிதத்தில் கோடு போட்டுத் தருகிற மெஷினுக்கு ப்ளாட்டர் என்று பெயர்; அதை ஓடவிடுவதற்கு ப்ளாட் கொடுப்பது என்று பெயர். பேனா பிடித்த கை ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நீளமான மார்க்கர் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும்.

போன மாதம் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதிது வந்தது. புதிதில் ப்ளாட்டர் வயரைச் சொருகுகிற பழைய மாதிரி சாக்கெட் இல்லை. அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வயர் வாங்கிப் போட்டார்கள். பனியன் கம்பெனி ஆயிற்றே... எங்கே பார்த்தாலும் பஞ்சுத்தூசி. அதற்குப் பயந்து கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு பிளைவுட் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு வயரை மட்டும் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, அதன் நுனியில் நாலு துளை உள்ள ஒரு குட்டி டப்பாவை மேஜைமேல் வைத்தார்கள். மவுஸ், கீபோர்டு, ப்ளாட்டர் மூன்றும் அந்த டப்பாவில்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது கம்ப்யூட்டர் வந்த வாரத்திலிருந்தே தகராறு. சின்ன மார்க்கர் ஒழுங்காக ஓடும். நீளமான மார்க்கர் பாதியில் நின்றுவிடும். பேனா அப்படியே அந்தரத்தில் நிற்கும். கன்வெர்ட்டர் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால்தான் உயிர் வரும். ஆனால் விட்ட இடத்திலிருந்து போடாது, முதலிலிருந்துதான். கீழே கட்டிங் டேபிளில் துணியை விரித்துவைத்துக்கொண்டு மாஸ்டர் மேலே பார்த்துக் கத்துவார்.

சரி, மெஷின் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். விஷயம் அதுவல்ல. அந்த அறையில் இரண்டு பேருக்கு வேலை. காலையில் பியூலா, மதியத்துக்கு மேல் கார்த்தி. கார்த்தி இருந்தால் ப்ளாட்டர் பத்து மீட்டர்கூட நிற்காமல் ஓடும். பியூலா இருந்தால் நின்றுவிடும்.

ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. தினமும்!

பியூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வீட்டுக்காரரோடு திருப்பூர் வந்து, எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்தவள். நாள் முழுக்க நின்றுகொண்டே பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய், ஒன்றரை வருஷம் படித்து, மார்க்கர் போடக் கற்றுக்கொண்டு மாடி ஏறியவள். அவள் போடுகிற மார்க்கரில் துணி வீணாகாது என்று மாஸ்டரே சொல்வார். மாஸ்டர் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

கார்த்தி முதலாளிக்குச் சொந்தம். நல்ல மனிதன். கெட்டிக்காரன் என்று சொல்லலாமா? நல்ல மனிதன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் ஆனால் கம்பெனி முழுக்க ஒரு ரவுண்டு வந்து, கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைப்பார். யாரையும் கேட்க மாட்டார். ஒரு தடவை பாத்ரூமுக்குள் இருந்த ஆடிட்டரையே இருட்டில் விட்டவர். இந்தப் புது கம்ப்யூட்டரை வாங்கியதுகூட, கரண்ட் மிச்சம் பிடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான்.

"ஏனுங்க தம்பி, நம்ம கார்த்தி உக்காந்தா ஓடுது. அந்தப் புள்ள உக்காந்தா நிக்குது. இதுல ரோசனை பண்றக்கு என்னங்க இருக்குது?"

"மெஷின் கோளாறா இருக்கலாமுங்க..."

"மெஷினுக்குக் காலைல ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி இருக்குமுங்களா? அந்தப் புள்ளைய மறுக்காவும் செக்கிங்குக்கே தாட்டி உட்றலாமுங்க. நீங்கதான் எழுதற ஆளாச்சே... லெட்டர் அடிச்சு வெச்சுப்போடுங்க. அடுத்த வாரம் சனிக்கெழமை குடுத்துக்கலாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடித்தேன். 'வரும் திங்கட்கிழமை முதல் தாங்கள் செக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறீர்கள்.' ஒற்றுப்பிழைகூட இல்லாமல், நல்ல தமிழில். ஒரு பெண் ஒன்றரை வருஷம் ஏறிய படியை ஒரே வரியில் இறக்கிவிட்டு, மடித்து என் மேஜை டிராயரில் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனியில் ரகசியம் தங்குமா? அன்று மதியமே அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, லெட்டர் அடிச்சாச்சாம்லா?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"நான் அதத் தொடவே இல்லண்ணே. ப்ளாட் குடுத்துட்டேம்னா கையக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருப்பேன். போர்டுல என்ன போட்டிருக்கோ அதத்தான் செய்யுதேன். அப்படியும் நின்னுட்டுன்னா நான் என்னண்ணே செய்ய?"

அந்த அறையில் சுவரில் ஒரு போர்டு உண்டு. 'ப்ளாட்டர் ஓடும்போது கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது - நிர்வாகம்'. என்றோ ஒரு நாள் யாரோ எதையோ அமுக்கி ஒரு மார்க்கர் கெட்டுப்போன கோபத்தில் முதலாளி மாட்டியது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் பியூலா. மேஜையில் பஞ்சு படிந்தால்கூட ப்ளாட் முடிந்த பிறகுதான் துடைப்பாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமைக்குள் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஈ-மெயிலில் பத்தி அனுப்புகிற ஆள் என்பதால், கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் மேதை என்றொரு பட்டம் இருந்தது. அந்தப் பட்டத்தை நானும் மறுத்ததில்லை.

மேதை என்ன முடிவுக்கு வந்தார்? வைரஸ்!

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் நாம் செய்கிற வைத்தியம் ஒன்றுதானே? ஃபார்மேட் அடிப்பது. திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து அடித்தேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சி.டி. போட்டுத் திரும்ப ஏற்றினேன். ஏற்றும்போது ஒரு நல்ல காரியமும் செய்தேன்... அந்தச் சீட்டாட்டத்தைத் தூக்கிவிட்டேன்.

ஆமாம், சீட்டாட்டம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் கூடவே வருமே, அதுதான். கார்த்தி மதியம் ப்ளாட் கொடுத்துவிட்டுச் சீட்டாடுவான் என்பது ஊரறிந்த ரகசியம். போர்டு அவன் தலைக்கு நேர் மேலே தொங்கும். அவன் பாட்டுக்கு ராணிமேல் ராஜாவை வைத்துக்கொண்டிருப்பான். வேலை நேரத்தில் என்ன விளையாட்டு? கம்பெனிக்கு ஒழுக்கம் வேண்டாமா? தூக்கிப் போட்டதும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. பியூலா ஐந்து மீட்டர் மார்க்கர் கொடுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா ஓடியது... ஓடியது... மூன்றாவது மீட்டரில் அந்தரத்தில் நின்றது.

என் பட்டம் அங்கேயே பறிபோனது.

ஆனால் கதை இங்கேதான் திரும்புகிறது. அன்று மதியம் கார்த்தி உட்கார்ந்தான். ப்ளாட் கொடுத்தான். சீட்டுக்கட்டைத் தேடினான், காணோம். செல்போனை எடுத்து யாருக்கோ மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காவது மீட்டரில் ப்ளாட்டர் நின்றுவிட்டது!

கார்த்தி கையில்! முதல் தடவையாக!

"என்னங்ணா பண்ணி வெச்சீங்க? நல்லாத்தானுங்க ஓடீட்டிருந்துது" என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டான். நான் கெடுத்துவிட்டேன் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படி நினைக்காத ஒரே ஆள் பியூலா. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. அவளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. லெட்டர் விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு மார்க்கரையும் அதில் எழுதிவந்திருக்கிறாள். எத்தனை மீட்டர், எங்கே நின்றது, கரண்டில் ஓடியதா ஜெனரேட்டரிலா, யார் ஷிப்ட். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த நோட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

"கார்த்தி அண்ணே, போன வாரம் வரைக்கும் ப்ளாட் ஓடுறப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"சும்மாதானுங்க உக்காந்திருந்தேன்."

"சும்மா உக்காந்தா நிக்குது. நான்தான் தெனமும் சும்மா உக்காந்து பாத்திருக்கேனே. நெசத்தச் சொல்லுங்க."

கார்த்தி என்னைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். "மொதலாளிகிட்டச் சொல்லீராதீங்க... சீட்டாடீட்டிருந்தேனுங்க."

பியூலா நோட்டில் மேலிருந்து கீழாகப் புதிதாக ஒரு கோடு இழுத்தாள். மேலே இரண்டு வார்த்தை எழுதினாள்: 'கை எங்கே?' கீழே பழைய மார்க்கர்களுக்கும் பதில் நிரப்பினாள்.

நான் சிரித்தேன். மேதையல்லவா!

புதன்கிழமை காலை. ஆறு மீட்டர் மார்க்கர். நான் ஏதோ சாம்பிள் விஷயமாக முதலாளியோடு மாடிக்குப் போனேன். உள்ளே நுழைந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பேனா ஓடிக்கொண்டிருக்கிறது. பியூலா மவுஸைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருக்கிறாள். தலைக்கு மேலே போர்டு.

"அம்மிணி! கைய எடு மொதல்ல!"

மற்ற நாளாக இருந்தால் அவள் எழுந்து நின்றிருப்பாள். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுக்க மாட்டேன் மொதலாளி. எடுத்தா நின்னுரும்."

எங்கள் முதலாளியிடம் 'மாட்டேன்' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சனிக்கிழமை வரைக்கும் எதற்கு, லெட்டரை இப்போதே கொண்டுவரச் சொல்வாரோ?

"போர்டுல என்ன போட்டிருக்குதுன்னு தெரியுமல்லொ?"

"போர்டுல போட்டபடி செஞ்சப்பதான் மொதலாளி நின்னுது. இப்ப அஞ்சாவது மீட்டர் ஓடுது பாருங்க. நேத்து மூணுல நின்னுது. கையெடுத்துக் காட்டட்டுமா?"

முதலாளி ப்ளாட்டர் பக்கம் திரும்பினார். அவள் கையை எடுத்தாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, பழையபடி கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம்... எனக்கு நம்பிக்கை போக ஆரம்பித்தது. மார்க்கர் முடிவதற்கு அரை மீட்டர் இருக்கும்போது பேனா அந்தரத்தில் நின்றது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெஷின் நின்றுபோனதற்குச் சந்தோஷப்பட்டேன். "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கத்தியேவிட்டேன். கீழேயிருந்து மாஸ்டர் கெட்ட வார்த்தையில் ஏதோ கேட்டார்.

முதலாளி நோட்டை வாங்கிப் பார்த்தார். 'கை எங்கே?' என்பதற்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி... பொளுதுக்கும் மவுஸப் புடிச்சு ஆட்டறக்கு ஒரு ஆளுப் போட முடியாதல்லொ. இதுக்கு என்னதான் வளி?"

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ப்ரௌசிங் சென்டருக்கு ஓடினேன். பியூலா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டித் தேடினேன். பார்த்தால், உலகம் முழுக்க இதே புலம்பல்! எங்கோ ஒருவருக்கு பிரிண்டர் நிற்கிறது, இன்னொருவருக்கு ஸ்கேனர் நிற்கிறது. எல்லோருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வயருக்கும் சாமானுக்கும் டிரைவர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் சாமானுக்கும் நடுவில் பேச்சை வாங்கிக் கொடுக்கிற ஆள். கொஞ்ச நேரம் பேச்சு ஏதும் இல்லையென்றால், கரண்டை மிச்சம் பிடிக்க அந்தச் சாமானைத் தூங்கவைத்துவிடலாம் என்று ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நல்ல டிரைவர் என்றால் கூப்பிட்டதும் சாமானை எழுப்பிவிடும். எங்கள் கன்வெர்ட்டரோடு வந்த டிரைவருக்குத் தூங்கவைக்கத் தெரிந்தது. எழுப்பத் தெரியவில்லை!

ப்ளாட்டர் கொஞ்சம் கோடுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு சாவகாசமாக வரையும். அந்த இடைவெளியில் வயரில் பேச்சு இல்லை. நாலு துளை டப்பாவில் மற்ற இரண்டும்கூடச் சும்மா கிடந்தால், டப்பாவோடு சேர்த்துத் தூக்கம். வாங்கியதை வரைந்து முடித்த ப்ளாட்டர் 'அடுத்தது கொடு' என்று கூப்பிடும்... யார் எழுந்திருப்பது? மவுஸ் அசைந்துகொண்டே இருந்தால் டப்பா தூங்காது. சீட்டாடிய கார்த்தி அவனை அறியாமல் அதை விழிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஒழுங்காகக் கை கட்டி உட்கார்ந்த பியூலா தினமும் அதைத் தாலாட்டியிருக்கிறாள்.

இதை நான் மூச்சு வாங்க முதலாளியிடம் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. பியூலாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

"நம்ம கேட்டு வாட்ச்மேன் மாதிரிதான் மொதலாளி. ஆளு போக வர இருந்தா முழிச்சிருப்பாரு. அஞ்சு நிமிசம் யாரும் வரலன்னா கண்ணசந்துருவாரு. அதுக்கப்புறம் வெளிய லாரி நின்னு ஆரன் அடிச்சாலும் எந்திக்க மாட்டாரு."

"அட, அப்படிச் சொல்லுங்க!" என்றார் முதலாளி. வாட்ச்மேனைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு.

கம்ப்யூட்டருக்குள் ஜன்னல் மேல் ஜன்னலாகத் திறந்துகொண்டே போனோம். கடைசி ஜன்னலில் ஒரு குட்டிக் கட்டம். அதில் ஒரு டிக். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பியூலா எழுத்துக் கூட்டி வாசித்தாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த, கம்ப்யூட்டர் இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அர்த்தம். மூன்று வாரமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு டிக். அவள் மவுஸை அதன் மேல் கொண்டுபோனாள்.

"இருங்க, இருங்க" என்றார் முதலாளி. "கரண்டு மிச்சம்னு போட்டிருக்குதுங்களே. அத எதுக்குங்க எடுக்கோணும்?"

நான் ஆரம்பத்திலிருந்து விளக்க வாயெடுத்தேன். பியூலா முந்திக்கொண்டாள்.

"மிச்சம்தான் மொதலாளி. ஆனா எந்திக்க மாட்டேங்குதே!"

முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார். ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். ஏதோ பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு, "சரி, எடுத்துப்போடு" என்றார்.

டிக் போயிற்று. டப்பாவுக்கு ஒன்று, அதே மாதிரி கன்வெர்ட்டருக்கும் ஒன்று. இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பரீட்சை. எட்டு மீட்டர் மார்க்கர். பியூலா ப்ளாட் கொடுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டாள். "எல்லாருங் கையக் கட்டிக்கங்க. ஆரும் எதையும் தொடப்படாது" என்றார் முதலாளி. தானும் கட்டிக்கொண்டார். விஷயம் பரவி, ஒவ்வொருவராக மாடிப்படியில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பரீட்சை மெஷினுக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மீட்டர். மூன்று. மானிட்டர் இருட்டாகிவிட்டது. யாரோ 'ஐயோ' என்றார்கள். "அது திரை மட்டுந்தான். பேனாவப் பாருங்க" என்றாள் பியூலா. நான்கு. ஐந்து. ஐந்தரையில் பேனா ஒரு கணம் தயங்கினாற்போல இருந்தது. படிக்கட்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் டிராயரில் இருந்து கொண்டுவந்திருந்த லெட்டரைச் சட்டைப்பைக்குள் கசக்கிக்கொண்டிருந்தேன்.

பேனா மேலே எழுந்தது. அடுத்த கோட்டுக்குப் போனது.

ஆறு. ஏழு. எட்டு! கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, பேனா தன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது. அப்போது எழுந்ததுதான் நான் முதலில் சொன்ன கைதட்டல். கட்டிய கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தால் எவ்வளவு சத்தம் வரும், நினைத்துப் பாருங்கள். பியூலா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூடியபடியே சிரித்தாள். மாஸ்டர் அந்த எட்டு மீட்டர் காகிதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சாமி புறப்பாடு மாதிரி படி இறங்கினார்.

நான் லெட்டரை எடுத்து எட்டாகக் கிழித்தேன். கிழிக்கும்போது முதலாளி பார்த்தார். குப்பைத்தொட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இனி இந்த ரூமுக்கு இந்த அம்மிணிதான் இன்சார்ஜுங்க. கார்த்தி, உனக்குஞ் சேத்துத்தான். அம்மிணி சொல்றதக் கேட்டுக்க." கார்த்தி சந்தோஷமாகத் தலையாட்டினான். சொன்னேனே, நல்ல மனிதன்.

போர்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பியூலாவே கழற்றிவிட்டாள். நான் சும்மா இருக்காமல், "உனக்கு ஏதாவது வேணுமா?" என்று பெரிய மனுஷத்தனமாகக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே. கார்த்தி அண்ணனுக்கு அந்தச் சீட்டாட்டத்தத் திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க. பாவம், அவுங்க ஆடலைன்னா நான் இன்னிக்குச் செக்கிங் டேபிள்லலா நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்."

நியாயம்தானே? போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிற வேலையை இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலம் முதலாளி வழக்கம்போல ரவுண்டு வந்தார். நான் மாடியில்தான் இருந்தேன். பேக்கிங் பக்கம் அணைத்தார். ஸ்டோர் ரூம் அணைத்தார். யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள், காதில் வாங்கவில்லை. கேட் ரூமுக்கு வந்தார். ட்யூப் லைட் சுவிட்சில் கையை வைத்தார். வைத்தவர், அப்படியே நின்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு சுவிட்சுக்காகவும் யாரையும் கேட்காத மனிதர், திரும்பி பியூலாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி... இத அமத்தலாமுங்களா?"

பியூலா நோட்டை மூடினாள். ட்யூப் லைட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இன்சார்ஜ் குரலில் உத்தரவு கொடுத்தாள்.

"அமத்துங்க மொதலாளி. அது எந்திச்சுக்கிடும்."